காப்ரி படகுக்கு முந்தைய நாள்: பாம்பேயா, நேப்பிள்ஸின் பாதாளமா?

ஜூலை, ஆகஸ்டில் இத்தாலியின் நேப்பிள்ஸில் இறங்கி, மறுநாள் காப்ரி தீவுக்குப் படகு ஏறுபவர்களுக்குக் கையில் இருப்பது ஒரே நாள். பக்கத்தில் இருக்கும் பழைய ரோமானிய ஊரான பாம்பேய் போவதா, நகருக்குள்ளேயே சுற்றுவதா?

பாம்பேய் அற்புதம், அதில் சந்தேகமே இல்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்த ஊர் அது. தெருக்கல்லில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளத்தில் இன்றும் விரல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நிழல் அரிது. கூரையற்ற சுவர்கள், கொதிக்கும் கல். காலையில் கதவு திறந்ததுமே நுழைய முடிந்தால் மட்டும் போங்கள்.

நகருக்குள் என்றால், சான் கெய்த்தானோ சதுக்கத்தின் அருகே படியிறங்குங்கள். சுமார் 40 மீட்டர் ஆழத்தில் கிரேக்கர்கள் கல் வெட்டியெடுத்த குகைகள். பிறகு ரோமானியர்கள் அதில் தண்ணீர் ஓடவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்த மக்கள் அங்கேதான் பதுங்கினார்கள். மேலே அனல் பறக்கும்போது கீழே மேல்சட்டை தேடுவீர்கள். ஓரிடத்தில் பாதை ஒடுங்கி, பக்கவாட்டாகத்தான் நகர வேண்டும். இறுக்கம் பிடிக்காதவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

அப்புறம் மதியம் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பாம்பேயிலிருந்து பெயர்த்தெடுத்த சுவரோவியங்களும் மொசைக்குகளும் இங்கேதான் இருக்கின்றன. செவ்வாய் விடுமுறை.

குழந்தைகளோ பெரியவர்களோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நகரம்தான். காப்ரி படகுத்துறையும் நகருக்குள்ளேயே இருக்கிறது.