பெட்டிக்குள் முப்பது பை

இந்த முறை ஊருக்குப் போகும்போது கைப்பெட்டியில் சொக்லேட்டுக்கு இடமில்லை. அண்ணாவுக்கு முப்பது ஒஸ்டமிப் பைகள் (வயிற்றில் திறந்த குடல்வாயால் வரும் மலத்தை ஏந்துபவை), அவற்றைப் பொருத்தத் தோலில் ஒட்டும் தட்டுகள், பிசின் துடைக்கும் துணிகள். எல்லாவற்றையும் அதிலேயே கையோடு கொண்டுபோனேன். பெரிய பெட்டி பிந்தி வந்தால் உடுப்பில்லாமல் சமாளிக்கலாம், பையில்லாமல் முடியாது. இன்னொன்று, ஒட்டும் தட்டு வெக்கையில் இளகிவிடும். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ் எடுத்தபோதும் அந்தக் கைப்பெட்டியை மடியில்தான் வைத்திருந்தேன்.

அண்ணா யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறார். போன வருஷம் பெருங்குடலில் பொத்தல் விழுந்து அவசர ஒப்பரேஷன். பழுதான துண்டை எடுத்துவிட்டு, மேல் முனையை இடப்பக்க வயிற்றில் வாயாகத் திறந்தார்கள். கீழ் முனையைத் தைத்து உள்ளேயே விட்டார்கள். ஹார்ட்மன் ஒப்பரேஷன் என்பார்கள். பிறகு அந்த வாய்க்குப் பக்கத்தில் தசை விலகி ஹேர்னியாவும் வந்தது. பாதித் தேங்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி சட்டைக்கு மேலே தெரியும். நல்லூர்க் கோயிலில் உள்ளே போக மேல்சட்டை கழற்ற வேண்டும் என்பதால் ஒரு வருஷமாக வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். குடலைத் திரும்ப இணைத்து வாயை மூடுவது, ஹேர்னியாவைத் தைப்பது, இரண்டையும் ஒரேயடியாகச் செய்ய வைகாசியில் நாள் குறித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் லண்டனில் எனக்கும் இதே ஒப்பரேஷன் நடந்ததால், "தம்பி, நீங்கள் வந்தால்தான் எனக்குத் தைரியம்" என்று அண்ணி சொன்னா.

போய் இறங்கிய அன்று அண்ணா சட்டையைத் தூக்கிக் காட்டியபோது பக் என்றது. வாயைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. காரணம் சின்னது. முதல் ஒப்பரேஷனுக்குப் பிறகு வீக்கத்தோடு இருந்தபோது யாரோ தட்டில் 45 மில்லிமீற்றர் ஓட்டை வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குள் வீக்கம் வற்றி வாய் சுருங்கிவிடும். அண்ணா ஒரு வருஷமாக அதே அளவில் வெட்டிக்கொண்டிருந்தார். இடைவெளியில் மலம் பட்டுப் பட்டுத் தோல் வெந்துவிட்டது. லண்டனில் ஸ்டோமா நேர்ஸ், அதாவது இந்த வாயைப் பராமரிக்கப் பழக்கும் தாதி, முதல் கிழமைகளிலேயே இதை அளந்து பார்த்தா. அண்ணாவுக்கு அப்படி ஒருவரை யாரும் காட்டிவிடவில்லை. வீட்டில் கிடந்த கலியாணக் காட் ஒன்றைப் பாதியாகக் கிழித்து, வட்டம் வெட்டி வைத்துப் பார்த்தோம். 32 சரியாக இருந்தது. நகம் வெட்டும் வளைந்த கத்தரிக்கோலால் அந்த அளவுக்கு வெட்டி ஒட்டியதும் நாலாம் நாள் தோல் காய்ந்தது.

இடையில் அவசரத்துக்கு என்று அண்ணி நகரத்தில் ஒரு பாமசியில் வாங்கி வைத்திருந்தவை வேறு கதை. தட்டின் வளையம் 57 மில்லிமீற்றர், பையின் வளையம் 45. ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. பக்கெட்டை உடைத்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம்.

சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கமராவை வயிற்று வாயாலும் கீழாலும் விட்டுப் பார்த்து, ஹேர்னியாவுக்கு சீ.ரீ. ஸ்கானும் எடுத்திருந்தார். சிகரெட்டை நிறுத்தி, சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் நாளே கொடுத்தார். மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினார்: குடலைத் திறக்கும் நேரத்தில் ஹேர்னியாவைத் தாங்க வலை வைத்தால் கிருமி பிடிக்கலாம், அதனால் வலையா தையலா என்று உள்ளே பார்த்துத்தான் முடிவெடுப்பேன், குடல் இணைப்புக்கு ஓய்வு தேவைப்பட்டால் வலப்பக்கத்தில் தற்காலிகமாக இன்னொரு வாய் வரலாம், கண்விழித்ததும் அதிர வேண்டாம் என்றார். மூன்று பந்து மூச்சுக் கருவியை அண்ணா இரண்டு கிழமை ஊதிக்கொண்டே இருந்தார். இழுக்க வேண்டும் என்று பிசியோ பிள்ளை வந்து சிரித்துக்கொண்டே திருத்தினா.

ஒப்பரேஷன் நாலு மணித்தியாலத்துக்கு மேல். புது வாய் வேண்டியிருக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. குடல் முழித்துக்கொண்டதற்கு அடையாளம் வாயு பிரிவது. "காத்துப் பிரிஞ்சதோ?" என்று பெரியம்மா காலையும் மாலையும் போன் பண்ணிக் கேட்பா. நாலாம் நாள் விடியப்புறம் பிரிந்தது. கனடாவரைக்கும் செய்தி போனது. பெரியம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. பழைய வாய் இருந்த இடத்தை முழுதாக மூடாமல், சுருக்குப்பை போல இழுத்துத் தைத்து நடுவில் சின்னத் துளை விட்டிருந்தார்கள், கசிவு வெளியேற. அதற்குத் தினமும் மருந்து கட்ட ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நேர்ஸ்) ஒருவர் ஸ்கூட்டியில் வந்துபோனா. லண்டனில் இதற்கு நான்தான் கிளினிக்குக்கு அலைந்தேன். ஊர் இதில் திறம்.

முதல் கிழமை ஒரு நாளில் பதினான்கு தடவை போனார். அதுவும் அடக்க முடியாத அவசரம். ஒரு வருஷம் சும்மா கிடந்த குடல் பழக நாளெடுக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒப்பரேஷன் பிழையாகிவிட்டது என்று அழுதே விட்டார். குந்துகிற கக்கூஸில் வயிறு மடிந்து தையல் இழுத்ததால் கொமோட் கதிரை ஒன்று வாங்கினோம். கடுதாசியால் துடைத்துப் புண்ணாக்கிய என் அனுபவத்தோடு பார்த்தால், தண்ணீரால் கழுவுகிற எங்கள் வழக்கம் பெரிய வரம். கழுவி, ஒற்றி, சிங்க் கிறீம் பூசினால் போதும். குழைந்த சோறு, இடியப்பம், தூள் போடாத சொதி, வாழைப்பழம் என்று கொடுக்க மெல்ல இறுகியது. பலாப்பழமும் ஒடியல் கூழும் வேண்டாம் என்றேன். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு மட்டும் என்னால் காவல் இருக்க முடியவில்லை.

இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். கிணற்று வாளியைத் தொடவே விடவில்லை. ஹேர்னியா தைத்த வயிற்றோடு மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பது டொக்டரின் கண்டிப்பு. வயிற்றுப் பட்டி வெக்கைக்குத் தோலைக் கடித்தது, உள்ளே பருத்திப் பெனியன் போட்டதும் சரி. காய்ச்சல், சத்தி, வயிறு ஊதுதல் இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்க்காமல் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

புறப்படும்போது பத்தொன்பது பைகள் மீந்தன. மிஸ்ஸியிடம் சொன்னேன். மறுநாள் கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மா மகனோடு வந்தா. அவவுக்கும் வாயைச் சுற்றித் தோல் சிவந்திருந்ததாம். பைகளோடு கத்தரிக்கோலையும் கலியாணக் காட்டின் மற்றப் பாதியையும் மகனின் கையில் கொடுத்து, எப்படி அளப்பது என்று காட்டினேன்.