சேப்பாக்கத்தில் ஐபிஎல்: 1,700 ரூபாய் டிக்கெட், 103 ரன்

ஐபிஎல் நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சேப்பாக்கத்துக்கு நேரில் போகலாமா, டிவியே போதுமா? என் பதில், போங்கள். இத்தனைக்கும் நான் கடைசியாகப் போனது 2025 ஏப்ரல் 11, கொல்கத்தா மேட்ச். சிஎஸ்கே 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103. சேப்பாக்கத்தில் நம் ஆட்கள் அடித்ததிலேயே குறைந்த ஸ்கோர் அது. அதைப் பார்த்துவிட்டு வந்தும் சொல்கிறேன், போங்கள்.

டிக்கெட் வாங்குவதுதான் பெரிய தலைவலி. ஆன்லைன் வரிசையில் முக்கால் மணி நேரம் காத்திருந்து, சீட் தேர்ந்தெடுத்து, பணமும் கட்டினேன், கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. அந்தத் தளத்தின் பெயர் வேண்டாம், பணம் ஆறு நாளில் திரும்பி வந்தது, ஆனால் அந்த ஆறு நாளும் பதில் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை. லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வருவார்கள் என்று தெரிந்தே விற்பனையைத் திறக்கிறார்கள், அதற்குத் தகுந்த ஏற்பாடு செய்ய வேண்டாமா? கடைசியில் நண்பன் போனில் முயன்று, இருப்பதிலேயே குறைந்த 1,700 ரூபாய் டிக்கெட் இரண்டு கிடைத்தது. அந்த மேட்சுக்கு மேலே 7,500 வரை போனது.

போய் வருவதில் குறையே இல்லை. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கம் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கலாம். மேட்ச் நாளில் அந்த நடை ஒரு தனி சுகம், ரோடு முழுக்க மஞ்சள், கன்னத்தில் வண்ணம் தீட்டுபவர்கள், விசில் விற்பவர்கள். பைக், கார் எடுத்து வராதீர்கள், நிறுத்த இடம் தேடியே முதல் ஐந்து ஓவர் போய்விடும்.

சரி, சீட். கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் தூக்கி அடிக்கிற பந்தெல்லாம் சிக்ஸர் மாதிரியே தெரியும், எழுந்து கத்திய பிறகுதான் முப்பது கெஜ வட்டத்துக்குள்ளேயே கேட்ச் என்று புரியும். ஃபீல்டிங் எப்படி நிற்கிறது, எங்கே இடைவெளி என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடக் கொஞ்சம் போட்டு மேல்தளம் வாங்குங்கள். ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டியிருப்பதால் கடல் காற்று உள்ளே வரும், ஆனால் ஏப்ரல் சென்னைதானே, இரவு எட்டரைக்கும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உள்ளே ஸ்டாலில் வாங்கிய சமோசா ஆறிப்போய் ரப்பராக இருந்தது. வெளியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இனி ஆட்டம். என்னுடன் வந்தது அக்கா மகன், பன்னிரண்டு வயது, முதுகில் ஜடேஜாவின் 8ஆம் எண். கேப்டன் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால் அன்று தோனி மறுபடி கேப்டன், டாஸுக்கு அவர் வந்தபோது எழுந்த சத்தத்தில் பையன் காதைப் பொத்திக்கொண்டான். 2 விக்கெட்டுக்கு 59 என்று இருந்தது 9 விக்கெட்டுக்கு 79 ஆனது. ஜடேஜா பூஜ்யத்தில் அவுட் ஆனபோது அவன் ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். தோனி ஒன்பதாவது ஆளாக வந்து ஒரு ரன்னில் எல்பிடபிள்யூ. அப்புறம் கொல்கத்தாவின் சுனில் நரைன், 13 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்தது போதாதென்று 18 பந்தில் 44 அடித்தார். 10.1 ஓவரில் கொல்கத்தா ஜெயிக்க, எல்லாம் முடிந்தது.

நரைன் வெளியே போகும்போது எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்து கை தட்டினார்கள். ஐந்தாவது தொடர் தோல்வி கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்போது! இதற்காகத்தான் சேப்பாக்கம் போகச் சொல்கிறேன். 1999இல் டெஸ்டில் 12 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை ஜெயித்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கை தட்டிய மைதானம் இது, அந்தப் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. ஓவருக்கு ஓவர் அலறுகிற டிஜே சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்தக் கூட்டத்தின் பேச்சு இன்னும் நன்றாகக் கேட்கும். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் "இது உள்ள வரும் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பெரும்பாலும் சரியாகவே சொன்னார்.

அணியைப் பற்றி என் கருத்து: அந்த சீசனில் நாம் கடைசி இடத்துக்குப் போனது பிட்சால் இல்லை. ஓடி ரன் எடுக்கவும் பயமில்லாமல் அடிக்கவும் ஆள் இல்லை, இருந்தவர்களின் அனுபவத்தையே நம்பிக்கொண்டிருந்தோம். 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தபோதும், தென்னாப்பிரிக்க இளைஞர் பிரெவிஸ் வந்து விளாசியபோதும்தான் இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று வயிறு எரிந்தது. அடுத்த சீசனுக்கான ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்திருக்கிறார்கள். விலை அதிகம்தான், ஆனால் போகிற திசை சரி. ராஜஸ்தானிலிருந்து சஞ்சு சாம்சன் வந்ததும் நல்லதுதான், கீப்பிங்கும் ஆச்சு, மேல்வரிசை பேட்டிங்கும் ஆச்சு. ஆனால் அதற்கு விலையாக ஜடேஜாவை ராஜஸ்தானுக்கு அனுப்பியதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2023 ஃபைனலில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் எடுத்துக் கோப்பையைக் கொடுத்தவர்.

அக்கா மகனிடம் புது ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம் மாமா, இதுவே இருக்கட்டும்" என்றான். ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வந்து ஆடினால் எங்களுக்கு இரண்டு டிக்கெட், மேல்தளம். காசு சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.