மண்புழு உரத் தொட்டி 'செட்' வாங்கும் முன் பையைப் பிரித்து எடை போடுங்கள்

பால்கனியில் வைக்கும் அளவுக்கு ஒரு தொட்டி, கூடவே ஒரு கிலோ சிவப்பு மண்புழு, 15 நாளில் உரம் ரெடி. இப்படிச் சொல்லி இணையத்தில் விற்ற செட் இது. மூன்றும் பொய். கேட்டதற்கு "நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை" என்று பழியை நம் மேல் போட்டுவிட்டார்கள். பணமும் திரும்பவில்லை. வேறு யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

முதல் ஏமாற்று எடையில். பையைத் தராசில் வைத்தால் ஒரு கிலோ சரியாகவே காட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி, புழு தங்குவதற்காகப் போடும் படுக்கை, அதாவது ஈரச் சாணமும் நார்க்கழிவும்தான். பையை நல்ல வெளிச்சத்தில் ஒரு தாள்மேல் கூம்பாகக் கொட்டி 10 நிமிடம் விடுங்கள். வெளிச்சம் ஆகாத புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலே உள்ளதை வழித்தெடுத்துவிட்டு மறுபடி 10 நிமிடம். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் அடியில் புழு மட்டும் உருண்டு திரண்டு கிடக்கும். அதுதான் உண்மையான எடை. இந்தப் பையில் தேறியது 240 கிராம்.

காசு போனதோடு இது முடிவதில்லை. நன்றாகப் பழகிய புழு ஒரு நாளில் அதிகபட்சம் தன் எடையில் பாதியைத் தின்னும். ஒரு கிலோ என்று நம்பித் தினமும் 500 கிராம் கழிவு போட்டால், 240 கிராம் புழுவால் 120 கிராமுக்கு மேல் சமாளிக்க முடியாது. மிச்சம் புளித்துச் சூடேறும். 35 டிகிரியைத் தாண்டினாலே புழு செத்துப்போகும்.

அடுத்தது வகை. உரத்துக்கு ஏற்றது ஐசீனியா ஃபெடிடா போன்ற, மேல்மட்டத்துக் குப்பையைத் தின்னும் புழு. செம்பழுப்பு உடல், வளையங்களுக்கு இடையில் வெளிர்மஞ்சள் கோடு, தொட்டால் துள்ளி நெளியும். வந்தவற்றில் பாதி சாம்பல் நிறத்தில் மந்தமாகக் கிடந்தன. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வகை அது, குப்பைத் தொட்டியில் தங்காது. முதல் இரவே மூடியின் உட்புறம் ஏறி, விடிந்து பார்த்தால் தரையில் நூல்போலக் காய்ந்து ஒட்டிக்கிடந்தன.

தொட்டியிலும் கோளாறு. குழாய் அடித்தளத்திலிருந்து 3 செ.மீ. உயரத்தில் பொருத்தியிருந்தது. அதற்குக் கீழே தேங்கும் நீர் வடியவே வடியாது. காற்று போகாமல் அடிப்படுக்கை அழுகி, மூடியைத் திறந்தாலே சாக்கடை வாடை. அடியில் 6 மி.மீ. துளைகள் 15 போட்டு, கீழே ஒரு தட்டு வைத்தால் போதும், குழாயே வேண்டாம். தொட்டியிலிருந்து வழிகிற கருப்பு நீரை 'வெர்மிவாஷ்' (செடிக்குத் தெளிக்கும் மண்புழுச் சத்துநீர்) என்று சொல்லி விற்பனைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். அது வெறும் கசிவுநீர். நாற்றமடித்தால் செடிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ரொம்ப மோசம் கூடவே வந்த 'புளிப்பு நீக்கும் பொடி'. ஒரு சிட்டிகையில் தண்ணீர் விட்டதும் சுட்டது. சுட்ட சுண்ணாம்பு! ஈரமான புழுத்தோலில் பட்டால் வெந்துவிடும். இதற்குக் கழுவிக் காயவைத்த முட்டைஓட்டுத் தூள் இருந்தாலே போதும்.

15 நாள் என்பதும் நடக்காத காரியம். முட்டைக்கூடு பொரியவே ஏறக்குறைய 3 வாரம், குஞ்சு வளர்ந்து முதிர இன்னும் 6 முதல் 8 வாரம். புதுத் தொட்டியில் நல்ல உரம் எடுக்க இரண்டரை, மூன்று மாதமாவது ஆகும்.

வாங்குவதானால் "படுக்கை நீக்கிய எடை எவ்வளவு, புழு என்ன வகை?" என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பை வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துவையுங்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இன்றே தீனியை நிறுத்துங்கள். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் கிழித்த அட்டையை 15 செ.மீ. நிரப்பி, கோடு போட்ட புழுக்களை மட்டும் அதற்கு மாற்றுங்கள். மூன்று இரவு மேலே விளக்கு எரியட்டும், வெளியே ஏறாது. நான்காம் நாள் ஒரு மூலையில் ஒரு கைப்பிடி கழிவைப் புதைத்து, அது கரைந்த பிறகே அடுத்த கைப்பிடி.