கர்னல் மாறியதும் நின்றுபோகும் கருவிகள்: உபுண்டு 22.04இல் என் அனுபவம்

2022இல் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட மடிக்கணினியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். அப்போது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, 5.15. அப்புறம் 5.19, 6.2, 6.5, 6.8 என்று வரிசையாக ஏறிவிட்டது. டெஸ்க்டாப் பதிப்பில் இவை வழக்கமான அப்டேட்டோடு வந்துவிடும்.

முதலில் நின்றது, ப்ராசசரின் வேகத்தைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் சிபியூபவர். இந்தக் கர்னலுக்கு சிபியூபவர் கிடைக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வந்தது. செயல்திறனை அளக்கும் பெர்ஃப், ப்ராசசரின் நிலையைக் காட்டும் டர்போஸ்டாட் இரண்டும் அப்படியே. அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்ததில் ஒரு மாலை போனது. அந்தப் பெயர்களில் இருப்பவை சின்ன ஸ்கிரிப்டுகள்தான். ஓடுகிற கர்னலின் எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்கான நிஜ நிரலைத் தேடுகின்றன. நானோ அந்த நிரல்களைத் தரும் லினக்ஸ்-டூல்ஸ் பேக்கேஜை 5.15 என்று எண் போட்டு நிறுவியிருந்தேன். லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04 என்ற பொதுப் பேக்கேஜைப் போட்டதிலிருந்து கர்னலோடு அதுவும் சேர்ந்தே ஏறுகிறது.

வைஃபை விஷயம் இன்னும் சிக்கலானது. என் யூஎஸ்பி வைஃபை அடாப்டரை இயக்கும் நிரலான டிரைவர் கர்னலோடு வருவதில்லை; தனி மாட்யூலாக, அதாவது கர்னலில் சேரும் துண்டு நிரலாக, நிறுவ வேண்டும். ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவிதான் அதைக் கம்பைல் செய்து தரும். 6.5 வந்து ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபையே காணோம். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய 6.2ஐத் தேர்ந்தெடுத்தேன், உடனே வேலை செய்தது. சரி, அடாப்டர் பழுதாகவில்லை. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் 6.5க்கு மாட்யூலே உருவாகவில்லை. பில்டு லாகைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: 6.5 கர்னல் ஜிசிசி என்ற கம்பைலரின் 12ஆம் பதிப்பில் கம்பைல் ஆனது, என்னிடம் இருந்தது 22.04இன் இயல்பான ஜிசிசி 11. கர்னல் கேட்ட ஒரு கம்பைலர் ஆப்ஷன் 11க்குத் தெரியாது. ஜிசிசி 12ஐ நிறுவி 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' ஓட்டினேன். டிரைவரில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கர்னல் மாறினாலும் சாதாரண நிரல்கள் உடையக் கூடாது என்பதில் லினக்ஸ் கர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகவும் கறார். ஆனால் கர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பிரவுசர் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறக்கும்போது வைஃபை மட்டும் போவது இதனால்தான்.

இப்போதெல்லாம் கர்னல் அப்டேட் வந்தால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் புதிய எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். பழைய கர்னலை ஒரு வாரமாவது விட்டுவைத்து, வைஃபையும் பெர்ஃபும் சரியாக ஓடுகின்றன என்று தெரிந்த பிறகே, தேவையற்ற பழையவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கொடுக்கிறேன்.