நடைபாதையில் விழுந்த அம்மாவுக்கு இழப்பீடு: நியூயார்க் வழக்கறிஞர் சேவை எப்படி இருந்தது?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், நடைபாதை விபத்து வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். முதல் சில வாரங்களில் அவர்கள் செய்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்; அதன்பிறகு தகவல் சொல்வதில் காட்டிய மெத்தனத்துக்காகக் கணிசமாகக் குறைத்துக்கொள்வேன். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்துச் சில மாதங்கள் உடன் வைத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய இருப்பதால், விவரமாகவே சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா, ஒரு மூலைக் கட்டடத்தின் முன்பு மேலெழும்பி நின்ற சிமெண்ட் பாளத்தில் கால் தடுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து, தகடு வைத்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பயணக் காப்பீடு ஒரு பகுதியைத்தான் ஏற்றுக்கொண்டது. மீதியைக் கட்டச் சொல்லி மருத்துவமனையிலிருந்து பில் வரத் தொடங்கியது. சுற்றுலா விசாவில் வந்தவர் இங்கே வழக்குத் தொடுக்க முடியுமா என்ற தயக்கம் அம்மாவுக்கு இருந்தது. விசா எதுவானாலும் காயம்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு என்று வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே தெளிவுபடுத்தினார்.

யார் மீது வழக்குத் தொடுப்பது என்பதுதான் இந்த நகரில் முதல் சிக்கல். 2003 செப்டம்பர் 14 முதல் நடப்பில் உள்ள நகரச் சட்டத்தின்படி, நடைபாதையைச் சரிவரப் பராமரிக்காததால் ஏற்படும் காயத்துக்கு அதை ஒட்டிய மனையின் உரிமையாளரே பொறுப்பு. ஆனால், அது மூன்று குடும்பங்கள் வரை வசிக்கக்கூடிய வீடாக இருந்து, உரிமையாளரும் அங்கேயே குடியிருந்து, முழுக்கக் குடியிருப்பாகவே பயன்பட்டால், அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. பொறுப்பு நகர நிர்வாகத்திடமே தங்கிவிடும். நடைபாதையில் மரம் நடுவதற்காக விடப்பட்ட குழியும் அப்படித்தான். அந்தச் சட்டம் சொல்லும் நடைபாதைக்குள் மரக்குழி அடங்காது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த வேறுபாடு காலக்கெடுவையே மாற்றிவிடுகிறது. தனியார் உரிமையாளர் மீது வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. நகர நிர்வாகம் என்றால், விபத்து நடந்த 90 நாட்களுக்குள் சத்தியப்பிரமாணத்துடன் கூடிய இழப்பீட்டு நோட்டீஸைக் கொடுத்துவிட வேண்டும். வழக்கை ஓராண்டு 90 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதுவும் போதாது. அந்தப் பழுதைப் பற்றி நகர நிர்வாகத்துக்கு ஏற்கெனவே எழுத்து மூலம் தகவல் போயிருந்தும் 15 நாட்களுக்குள் அது சரிசெய்யப்படவில்லை என்பதையும் பொதுவாக நிறுவ வேண்டும். இந்த நிபந்தனையைச் சமாளிக்கவே 1980-களில் இங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தனியாக ஒரு நிறுவனத்தை அமைத்து, தெருத் தெருவாக நடந்து பழுதுகளை வரைபடங்களில் குறித்து நகர நிர்வாகத்திடம் கொடுக்க ஏற்பாடு செய்தது. குடிமக்கள் கீழே விழாமல் இருக்க அந்த வரைபடங்களைப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

நாங்கள் போன அலுவலகம் காலத்தைக் கடத்தவில்லை. நகரத்தின் இணையவழிச் சொத்துப் பதிவேட்டில் அன்றைக்கே தேடி, கீழே மளிகைக் கடையும் மேலே வாடகை வீடுகளும் கொண்ட அந்தக் கட்டடம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உரிமையாளர் பொறுப்பு என்பது ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்த பிறகும், மரக்குழி ஓர் அடி தூரத்தில் இருந்ததால், பின்னால் உரிமையாளர் தரப்பு நகரத்தின் மீது பழியைத் திருப்பினாலும் அம்மாவின் உரிமை பறிபோகக் கூடாது என்று நகர நிர்வாகத்துக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள். கடையின் கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி ஒரு கடிதமும் போனது. இதைத் தாமதித்திருந்தால் பழைய காட்சிகளின் மேல் புதியவை பதிவாகியிருக்கும்.

அவர்கள் அனுப்பிய புலனாய்வாளர் வேலை செய்த விதத்தை அருகில் நின்று பார்த்தேன். இரண்டு பாளங்கள் சேரும் இடத்தில் எஃகு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, எண்கள் தெளிவாகத் தெரியும்படி தரையோடு தரையாகக் குனிந்து படம் எடுத்தார். பிறகு அம்மா நடந்து வந்த திசையிலிருந்தும், எதிர்த்திசையிலிருந்தும், கடையின் பெயர்ப்பலகை சேர்ந்து விழும்படியும் எடுத்தார். உயர வேறுபாடு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. அரை அங்குலமும் அதற்கு மேலும் இருந்தால் அதைத் தடுக்கி விழ வைக்கும் பழுது என்று நகர விதி வரையறுக்கிறது. ஆனாலும் அளவை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. பழுது அற்பமானது என்று எதிர்த்தரப்பு வாதாடும்போது, இடம், வெளிச்சம், விளிம்பின் வடிவம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 1997-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அம்மா அன்று அணிந்திருந்த செருப்பைக் கழுவாமல் ஒரு பையில் போட்டு வைக்கச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு செருப்பைக் குறை சொல்லக்கூடும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டோம்.

நோட்டீஸ் கொடுத்தவரைச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் விசாரிக்க நகர நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அம்மாவின் விமானத் தேதிக்கு முன்பே அந்த விசாரணையை நடத்த வழக்கறிஞர் ஏற்பாடு செய்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். கையில் பை இருந்ததா, கண்ணாடி அணிந்திருந்தாரா, எங்கே பார்த்துக்கொண்டு நடந்தார் என்று கேள்விகள் நீண்டன. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள் என்ற அறிவுரை அம்மாவுக்குப் பெரிய பலமாக இருந்தது. விழுந்தவர் மீதும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால், அந்த விகிதத்துக்குத் தொகை குறையுமே தவிர, உரிமை முழுதும் போய்விடாது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார்.

குறை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. வழக்கு தாக்கலானதும் அலுவலகம் மௌனமாகிவிட்டது. எங்கள் கோப்பைப் பார்த்துவந்த உதவியாளர் வேலையை விட்டுப் போனதை யாரும் தெரிவிக்கவில்லை. புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் எங்களிடமே மறுபடி கேட்டார். மின்னஞ்சல்கள் வாரக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தன. ஊருக்குத் திரும்பிவிட்ட அம்மா ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும், "என்னப்பா ஆச்சு, ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்பார், சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்காது. இவ்வகை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வது இயல்பு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அசைவில்லாத காலத்தில் "இன்னும் அசைவில்லை" என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன செலவாகிவிடும்?

கடைசியில் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, கட்டண விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டார்கள். பணம் கிடைத்தால் மூன்றில் ஒரு பங்கு, கிடைக்காவிட்டால் கட்டணம் இல்லை என்பதே ஒப்பந்தம். நீதிமன்றத்தில் வழக்கு எண் வாங்குவதற்கான 210 டாலர், மருத்துவ ஆவணங்கள், நிபுணர் ஊதியம் ஆகியவற்றை முதலில் கழித்து, மிச்சத்திலிருந்துதான் பங்கு எடுத்தார்கள். பின்னர் மருத்துவமனைப் பாக்கியும் அடைபட, அம்மாவின் கைக்கு வந்தது சமரசத் தொகையில் பாதிக்கும் குறைவு. அந்தப் பாக்கியைப் பேசிக் குறைத்ததற்கு அலுவலகத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு முன்பே கடன் தருவதாக வந்த நிறுவனங்களை, வட்டியின் அளவைக் காட்டி, ஒதுக்கச் சொன்னதும் அவர்களே.

விபத்து நடந்த 30 நாட்களுக்குள் காயம்பட்டவரை வழக்கறிஞர்கள் தாமாகத் தேடி வந்து அழைப்பதை நியூயார்க் விதிகள் பொதுவாகத் தடைசெய்கின்றன. எனவே மருத்துவமனை வாசலில் அட்டையை நீட்டுபவரிடம் போகாதீர்கள். இந்த அலுவலகத்தைப் போன்ற இடத்துக்கு நீங்கள் போனால், கையெழுத்திடும் முன்பே செலவைக் கழித்த பிறகா, அதற்கு முன்பா பங்கு கணக்கிடப்படும் என்பதையும், நிலவரத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை யார் தெரிவிப்பார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ஆலோசனைக்கு இவர்கள் எங்களிடம் கட்டணம் கேட்கவில்லை.