குற்றவாளியைத் தேடும் மன்னனும் அறிக்கையை மறைக்கும் ஊரும்

குடிநீரில் கழிவு கலந்தது, தொற்றுநோய் பரவுகிறது என்பன போன்ற செய்திகளை நாடகத்தின் வழியே விளங்கிக்கொள்ள விரும்புபவர், பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோபாக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’, நார்வே நாடகாசிரியர் இப்சன் 1882இல் வெளியிட்ட ‘மக்கள் விரோதி’ ஆகிய இரண்டில் ஒன்றைக் கையிலெடுக்கலாம்.

கொள்ளைநோய்க்குக் காரணமான கொலையாளியைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சூளுரைக்கும் மன்னனே அக்கொலையாளி என்பது ஈடிபஸின் கதை. விசாரணையை நிறுத்துமாறு அவன் மனைவி ஜொகாஸ்டா மன்றாடியும் நிறுத்தாத அவனைப் போன்ற ஆட்சியாளர் அரிதினும் அரிது என்பதால், அன்றாடச் செய்திக்கு இந்நாடகம் சற்று உயரமான அளவுகோலாகவே எனக்குப் படுகிறது.

இப்சன் நமக்கு மிக அருகில் நிற்கிறார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஊரின் குளியல் நிலைய நீரில் கலப்பதை டாக்டர் ஸ்டாக்மன் ஆய்வறிக்கையுடன் நிறுவுகிறார். முதலில் அவரைப் பாராட்டிய பத்திரிகை ஆசிரியரும் அச்சக உரிமையாளரும், சீரமைக்கும் செலவு ஊரார் தலையில் விழும், நிலையத்தையும் இரண்டு ஆண்டுகள் மூட நேரும் என்று மேயர் (அவர் மருத்துவரின் உடன்பிறந்த அண்ணன்) சொன்னவுடன் பின்வாங்குகின்றனர். மருத்துவரை மக்கள் விரோதியாக அறிவிக்கும் பொதுக்கூட்ட வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களிப்பவர் ஒரே ஒரு குடிகாரர்.

எனவே என் தேர்வு இப்சனே. ஆயினும், அதே கூட்டத்தில் பெரும்பான்மை மக்களையே இழித்துப் பேசும் ஸ்டாக்மனை முழு நாயகனாக ஏற்க என்னால் இயலவில்லை.