மாஸ் எஃபெக்ட்: நீலமும் சிவப்பும் படுத்தும் பாடு

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி வீடியோ கேம் முத்தொகுப்பின் மறுபதிப்பான லெஜண்டரி எடிஷன் விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல ஆண்டுகளாக விளையாடி வருபவன் என்ற முறையில் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள்ள கோபம் ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. கதையின் திருப்பங்கள் சில இங்கே வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோபமெல்லாம் 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில், நம் பரிவான பதில்களை நீலப் புள்ளிகளாகவும் கடுமையானவற்றைச் சிவப்புப் புள்ளிகளாகவும் எண்ணும் பாரகன், ரெனகேட் மீட்டர்களின் மீதுதான். நம் குழுவின் இரு பெண்களான மிராண்டாவும் ஜாக்கும் மோதிக்கொள்ளும்போது இருவரையும் அடக்கும் வசனம், அதுவரை கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் நீலத்தையோ சிவப்பையோ பெருமளவு சேர்த்தவருக்கே திறக்கிறது. எளியவரிடம் பரிவும் கூலிப்படையினரிடம் கடுமையுமாக, ஆளறிந்து நடந்துகொண்ட ஷெப்பர்டுக்கு (நாம் இயக்கும் நாயகப் பாத்திரம்) அந்த வசனம் தேர்ந்தெடுக்க முடியாதபடி மங்கலாகத்தான் தெரியும். ஒருத்தியின் பக்கம் சாய்ந்து, மற்றவளின் விசுவாசத்தை இழக்க வேண்டும். விசுவாசம் இழந்தவர்கள் இறுதிப் பணியில் எளிதில் பலியாகிறார்கள். மீட்டரை நிரப்பிக்கொண்டு பிறகு வந்து சமாதானம் பேசலாம் என்ற சலுகை எரிச்சலைக் கூட்டவே செய்கிறது. இதை அறிந்த பிறகு பதில்களை யார் படிக்கிறார்கள்? பதில்களைக் காட்டும் சக்கரத்தில், பரிவான பதில் இருக்கும் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டே போகிறோம். ஷெப்பர்டின் குணத்தை வளர்ப்பதாக நினைத்துக் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறோம்.

இதே தொடரின் முதல் பாகத்திலேயே இதற்கு மாற்று இருந்தது என்பதுதான் வேதனை. விர்மையர் கிரகத்தில், தன் இனத்தின் பிறப்பையே முடக்கிய ஜெனோஃபேஜ் என்ற நோய்க்கான மருந்தை அழிக்கப்போகிறோம் என்று தெரிந்ததும், குரோகன் என்ற வேற்றுலக இனத்தைச் சேர்ந்த நம் கூட்டாளி ரெக்ஸ் துப்பாக்கியைத் தூக்குகிறான். பேச்சுத்திறன் போதாவிட்டாலும், அவனுடைய குடும்பக் கவசத்தை முன்னரே தேடிக் கொடுத்திருந்தால் அவன் நம் சொல்லைக் கேட்கிறான். அங்கே எந்த மீட்டரும் குறுக்கே வருவதில்லை. செய்த உதவி நினைவில் நிற்கிறது, அவ்வளவுதான். அவன் பிழைத்தால் மூன்றாம் பாகத்தில் குரோகன்களின் தலைவனாக வருகிறான். இறந்திருந்தால் அந்த இடத்தில் ரீவ் என்ற முரட்டு குரோகன் நிற்கிறான், அதன்பின் ஜெனோஃபேஜைக் குணப்படுத்தலாமா என்ற கேள்வியின் எடையே மாறிவிடுகிறது. 2007இல் வந்த முதல் பாகத்தில் எடுத்த ஒரு முடிவு, ஆட்டத்தைச் சேமிக்கும் சேவ் கோப்பின் வழியே 2012இல் வந்த மூன்றாம் பாகம் வரை பயணம் செய்து இப்படிப் பலன் தந்ததை வேறு எந்த விளையாட்டிலும் நான் இவ்வளவு ஆழமாக உணர்ந்ததில்லை.

மூன்றாம் பாகம் இரு நிறங்களையும் ஒரே நற்பெயராகக் கூட்டிக்கொண்டு மீட்டர் தொல்லையைப் பெரிதும் குறைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இத்தனை சொன்ன பிறகும் நண்பருக்கு வேண்டாம் என்றே பதில் அனுப்பியிருக்கிறேன். சென்ற மாதம் கேட்டிருந்தால் ரெக்ஸுக்காகவே வாங்கச் சொல்லியிருப்பேன். இந்த வாரம், நீலம் கொஞ்சம் குறைந்துபோன ஒரே காரணத்தால் ஜாக்கை இழந்திருக்கிறேன்.